இரும்புக் கையும் தோட்டத்துக் கையும்

சித்திரக்கதைப் புத்தகம் என்றவுடனே முகஞ் சுளிப்பது முற்போக்கு அணியினரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். நச்சிலக்கியம் என்ற ஒரே சொல்லில் அதனை அடக்கி, மாணவன் கையிலிருந்து பறித்து, ஆசிரியர் அறை அலுமாரியில் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுவோர் இன்றும் உளர். அக்கருத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வீரன் ஒருவன் வந்து உலகைக் காப்பான் என்று கற்பிக்கும் எழுத்து, உலகை மாற்றவேண்டிய மக்களைக் கைகட்டி இருக்கச் செய்கிறது என்பது உண்மையே. ஆயினும், மக்கள் விரும்பிப் படிக்கும் ஒன்றை, அவர்கள் எதற்காக விரும்புகின்றனர் என்று ஆராயாமலே தள்ளிவிடுவது விமரிசனம் ஆகாது. அது வெறும் தீர்ப்பு.

இவ்விடயத்தில் வரலாறு நமக்கு ஒரு பாடத்தைத் தந்திருக்கிறது. 1950களின் முற்பகுதியில் அமெரிக்கப் பயங்கரச் சித்திரக்கதைகளுக்கு எதிராகப் பிரித்தானியாவில் எழுந்த இயக்கத்தில் அந்நாட்டுக் கம்யூனிஸ்டுகளும் ஆசிரியர்களும் முன்னின்று உழைத்தனர். 1955இல் அத்தகைய வெளியீடுகளைத் தடைசெய்யும் சட்டமும் நிறைவேறிற்று. சட்டம் வந்தது, சிறுவரின் வேட்கை அடங்கவில்லை. அவ்வேட்கையைத் தீர்க்க உள்நாட்டு வெளியீட்டாளர் தத்தம் வாராந்தரிகளைச் சந்தைக்கு அனுப்பினர். 1962ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவரத் தொடங்கிய வேலியண்ட் அவற்றுள் ஒன்று. அதன் முதலிதழிலேயே தொடங்கிய விஞ்ஞான வீரக்கதை ஒன்றுதான் பின்னர் தமிழுக்கு இரும்புக்கை மாயாவியாக வந்து சேர்ந்தது. கென்னத் பல்மர் எழுதத் தொடங்கி டாம் டல்லி தொடர்ந்த கதை. ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியரின் படங்கள்.

1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் என்பார் முத்து காமிக்ஸ் என்ற வெளியீட்டைத் தொடங்கியபோது, அதன் முதல் இதழாக வந்தது ‘இரும்புக்கை மாயாவி’யே. இடையிடையே தடைப்பட்டும் மீண்டெழுந்தும் ஐம்பதாண்டுகளைக் கடந்துவிட்ட அத்தொடரின் தலைவாயில் இவ்விதழ்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழகத்துச் சிறுவரோடு இலங்கைத் தமிழ்ச் சிறுவர் பலரும் இவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தனர். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே லயங்களில் வளர்ந்த பிள்ளைகளும் அவ்வாசகரில் அடங்குவர். அப்பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து இவ்விதழை ஒருமுறை படித்துப் பார்ப்பதே இங்கு நமது நோக்கம்.

கதையின் கரு சுருக்கமானது. லூயி கிராண்டல் என்பவன் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுகூடத்தில் உதவியாளன். முன்னொரு விபத்தில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக உருக்குக் கை பொருத்தப்பெற்றவன். ஆய்வுகூடத்தில் கருவியொன்று வெடிக்கிறது. பேரழுத்த மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. அவன் சாகவில்லை. உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. அந்த உருக்குக் கை மட்டும் புலப்பட்டு நிற்கிறது. சிறிது நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மீண்டும் மின்சாரத்தைத் தொட்டால் மீண்டும் மறையும். வேலியண்டில் இக்கதை தொடங்கியபோது கிராண்டல் நல்லவன் அல்லன். கிடைத்த வல்லமை அவன் தலைக்கேற, திருட்டிலும் அச்சுறுத்தலிலும் இறங்குகிறான். பின்வந்த கதைகளிலேதான் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றனாகிறான்.

பிளாஸ்கோவின் ஓவியத்துக்கு உரிய மதிப்பை முதலிற் கொடுத்துவிடுவோம். காணப்படாத மனிதனைக் காட்டவேண்டும் என்பது ஓவியனுக்கு இடப்பட்ட வேலை. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கொண்டு அதை அவர் செய்கிறார். வெறும் அறை, திறந்த கதவு, திகைத்து நிற்கும் காவலாளி, நடுவே, முழங்கையோ தோளோ இன்றி, ஒரு பொருளைப் பற்றி நிற்கும் கை. இருளும் ஒளியும் கூர்மையாகப் பிரிந்து நிற்கும் அப்படங்களில் நாற்காலியும் மேசையும் தெருவிளக்கும் மெய்யான நகரத்தின் பொருள்களாகவே இருக்கின்றன. யதார்த்தத்தில் இத்துணை உறுதியாகக் காலூன்றியிருப்பதனால்தான் அந்தத் தனிக்கை நம்மை நம்பவைக்கிறது.

இந்தக் கை, சப்ரகமுவத் தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவில், குப்பி விளக்கின் முன் விரித்துவைக்கப்பட்டபோது என்ன பொருளைப் பெற்றது? இதுவே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

ஒரு தொழிலாளி உடலுங் கையுமாகப் பிறக்கிறான். தோட்டம் அவனிடமிருந்து கையை மட்டுமே கேட்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்திற்கு வந்து நிற்கும் பெண்ணின் பசியும் நோயும் துயரும் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் ஏறுவதில்லை. கொழுந்தின் நிறை ஏறுகிறது. வெட்டிய றப்பர் பாலின் அளவு ஏறுகிறது. நிறை போதுமாயின் ‘பேர்’ விழும், போதாவிட்டால் ‘அரைப்பேர்’. ஒரு மனுசியின் பெயர் பாதியாக வெட்டப்படுவதை அன்றாடச் சொல்லாகவே ஆக்கிவைத்த இடம் தோட்டம். கை தெரிகிறது, கைக்குரியவர் தெரிவதில்லை.

தோட்டத்தில் நடந்த இதனையே நாடு சட்டமாக்கிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த கைகள் தேயிலைச் செடியின் மேலும் றப்பர் மரத்தின் மேலும் முன்போலவே அசைந்துகொண்டிருந்தன. அக்கைகளை உடைய மாந்தர் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்துபோயினர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என ஒதுக்கிவைக்கப்பட்டது. 1974இல் அவர்களும் இரு கூறாகப் பங்கிடப்பட்டனர். இந்த இலட்சங்களில் ஒருவரிடமும் எவரும் சென்று கேட்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாதவரிடம் யார் போய்க் கேட்பார்?

இவ்விதழ் அச்சேறிய 1972இல் சிவகாசி, இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பலர் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு இலங்கைக்குப் புறப்பட்ட மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. ஒப்பந்தத்தின்படி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. முன்னோரின் மாவட்டத்திலிருந்து புத்தகம் இந்தக் கரைக்கு வந்தது. புத்தகத்தைப் படித்த பிள்ளையின் குடும்பம் அந்தக் கரைக்கு அனுப்பப்பட்டது. உடல் மறைந்து கை மட்டும் எஞ்சிய மனிதனின் படம், உலகில் வேறெந்த வாசகரைக் காட்டிலும் இவர்களுக்கு நெருங்கியதாக இருந்திருக்க வேண்டும். லண்டனில் கதை புனைந்தோர் இதனைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார். ஆயினும் படைப்பின் பொருள் படைத்தவனோடு முடிந்துவிடுவதில்லை. படிப்பவனின் வாழ்க்கையும் அதனைத் தீர்மானிக்கிறது.

கிராண்டல் கையிழந்த வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டு மக்களை ஆளும் முகமூடி அணிந்த வெள்ளை வீரன் வேதாளனை, 1936இல் அமெரிக்கரான லீ பால்க் படைத்தார். தமிழ்ச் சிறுவர் அவனையும் அறிவர். குகையிலிருந்து அவன் இடும் கட்டளைக்குச் சுதேசிகள் பணிவர். அவன் தந்தையும் பாட்டனும் அவ்வாறே ஆண்டனர். தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் புதுமை எதுவுமில்லை. மலையுச்சிப் பங்களாவில் துரையை அது பார்த்திருக்கிறது. கிராண்டலோ ஆளப் பிறந்தவன் அல்லன். கூலிக்கு வேலைசெய்பவன், வேலைத்தலத்தில் அடிபட்டவன். இங்கேதான் இருவரும் வேறுபடுகின்றனர். இரும்புக்கை மாயாவி நம் வாசகரின் மனத்தில் இத்துணை ஆழமாகப் பதிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது துணிபு.

தொழிற்சாலையின் உருளைகளுக்கிடையே கை அகப்படும் விபத்துத் தோட்டத்தார் அறியாததன்று. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. கை போனால் இவ்வளவு, பெருவிரல் போனால் இவ்வளவு என உழைக்கும் ஆற்றலின் இழப்பை நூற்றுவீதத்தில் அது கணக்கிடுகிறது. அச்சட்டம் தொழிலாளருக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இழந்த கைக்கு அங்கே ஒரு வீதம் கிடைக்கிறது. கதையிலோ ஒரு வல்லமை கிடைக்கிறது. அட்டவணையை அறிந்த வீட்டுப் பிள்ளை கதையை ஏன் விரும்பியது என்று இனியும் கேட்க வேண்டுமா?

மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. தொட்டவுடன் மனிதனை மாற்றிவிடும் அந்தச் சக்தியைப் பக்கத்துக்குப் பக்கம் படித்த பிள்ளைகளின் லயங்களில் அக்காலத்தில் மின்விளக்கு இல்லை. தொழிற்சாலையில் விளக்கெரியும்; பங்களாவில் எரியும்; லயத்தில் மண்ணெண்ணெய்ப் புகை படியும். ஆய்வுகூடம் என்ற ஒன்றையும் அவர்களிற் பலர் முதன்முதலாகக் கண்டது இச்சித்திரக்கதையின் பக்கங்களிலேதான். சப்ரகமுவத் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கப் போதிய பள்ளியின்றித் தவித்த வரலாற்றை ஆசிரியர்களாகிய வாசகர் நன்கறிவர். பாடசாலை கொடுக்கத் தவறியதைச் சந்தைச் சரக்கு தன் போக்கில் கொடுத்தது. குற்றம் யாருடையது?

இதுகாறும் கூறியவற்றால் நாம் இவ்விதழைப் புகழ்ந்து வரவேற்கிறோம் என யாரும் கருதவேண்டாம். கதை ஓர் உண்மையைத் தொட்டது என்றோம். தொட்ட உண்மையை அது என்ன செய்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

முதலாவதாக, தமிழில் இட்ட பெயரே விஞ்ஞானத்தை மாயமாக்கிவிட்டது. ஆங்கிலத் தலைப்பு உருக்காலான ஒரு கையை மட்டும் சொல்கிறது. நம்மவர் அதனோடு மாயாவியைச் சேர்த்தனர். மாயாவி என்பவன் நம் கதை மரபின் மந்திரக்காரன். தவத்தாலோ வரத்தாலோ சக்தி பெற்றவன். அப்பெயரின் கவர்ச்சியால் புத்தகம் விற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின், மின்சாரம் எங்கே பிறக்கிறது, எவர் உழைப்பால் வருகிறது, ஏன் சிலர் வீட்டுக்கு மட்டும் வருகிறது என்ற கேள்விகள் மாயத்தினிடம் எழுவதில்லை.

இரண்டாவதாக, இவ்வீரன் தனியன். வல்லமை கிடைத்தவுடன் அவனுக்குத் தோன்றும் வழிகள் இரண்டே: ஒன்று, தனக்காகக் கொள்ளையடிப்பது, மற்றது, ஆளும் அரசின் இரகசியக் கையாளாவது. தன்னைப்போல் வேலைத்தலத்தில் ஊனமுற்ற இன்னொருவனை அவன் தேடிப் போவதில்லை. குற்றவாளி, அல்லது ஒற்றன் என்ற இவ்விரண்டுக்கு அப்பால், தொழிலாளி தன் தோழரோடு சேர்ந்து நிற்பது என்ற மூன்றாவது வழி அக்கதையுலகில் இல்லவே இல்லை. ஏகாதிபத்திய நாடொன்றின் வாராந்தரி அதனைக் காட்டும் என எதிர்பார்ப்பதும் பேதைமையே. ஆனால் சப்ரகமுவ மண்ணில் அந்த மூன்றாவது வழி இருந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து உந்துகொடப் பகுதியில், நேவ்ஸ்மியர் தோட்டத்துக் காணியைக் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்து, அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேற்ற அரசு முற்பட்டபோது, அவர்கள் வெளியேற மறுத்தனர். அவர்களுக்காக வேறு தோட்டங்களிலும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கைகள் ஓய்ந்தபோதுதான் அக்கைகளுக்கு உடையவர் உண்டென்பது நாட்டுக்குத் தெரிந்தது. மறைந்த மனிதர் புலப்படும் முறை இது ஒன்றே.

மூன்றாவதாக, அந்தக் கை ஆணின் கை. இறுக மூடிய முட்டி. தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் கை பெண்ணின் கை. பிரட்டுக்கு முன் அடுப்பிலும், பகலில் மலையிலும், மாலையில் மீண்டும் அடுப்பிலும் அது அசைகிறது; வீட்டில் அசையும்போது அதற்கு அரைப்பேர்கூட விழுவதில்லை. பார்வைக்கு மறைக்கப்பட்டோரிலும் மிகுதியாக மறைக்கப்பட்டவள் அவள். இச்சித்திரக்கதை மரபு அவளுக்கு ஒரு கட்டத்தையும் ஒதுக்கவில்லை.

நிற்க. தோட்டத்து மக்களிடம் மறைந்துபோன மனிதனின் கதை முன்பே இருந்தது என்பதை நம் விமரிசகர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், சிவனின் கண் கனலால் மன்மதன் எரிந்து உருவிழக்கிறான், இரதி புலம்புகிறாள், முடிவில் அவன் உயிர் பெறுகிறான், அவள் ஒருத்தியின் கண்ணுக்கே தெரிபவனாக. தோட்டமே கூடிக் கம்பம் நட்டு, நோன்பிருந்து, தப்படித்து, இரவெல்லாம் விழித்திருந்து நடத்தும் கூத்து அது. உருவிழத்தல் அங்கே ஒருவனுக்குக் கிடைத்த வல்லமையாகக் கொண்டாடப்படவில்லை. ஊரே சேர்ந்து அழவேண்டிய இழப்பாக அறியப்பட்டது. மறைந்தவனைக் காணும் கண் அவனை நேசிப்பவளின் கண் என்றும் அக்கதை சொல்கிறது. அதிலும் புராணத்தின் மயக்கம் உண்டு. விதியின் பாரம் உண்டு. ஆயினும் மாயாவியின் தனிமையோடு ஒப்பிட்டால், கூத்தின் கூட்டு மனம் எத்துணை உயர்ந்தது என்பது விளங்கும். லயத்துப் பிள்ளை பகலில் மாயாவியைப் படித்து, மாசி இரவில் இரதியின் புலம்பலைக் கேட்டு வளர்ந்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பேசத் தெரிந்த ஆசிரியர் அதற்கு வாய்க்கவில்லை.

இடதுசாரிகளாகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பெருமை இலங்கை இடதுசாரி இயக்கத்துக்கு உண்டு. அதே இயக்கத்தின் பெருங்கட்சிகள் 1970இல் கூட்டரசில் அமர்ந்தபோது, ஒப்பந்தத்தின்படி கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் கைமாறியது, அதில் உழைத்தவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1977இல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலும் லயங்கள் தாக்கப்பட்டன, 1981இல் இரத்தினபுரி மீண்டும் எரிந்தது, 1983 நாடறிந்தது. தப்பியோர் பலர் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் சென்று குடியேறினர். அந்த இரவுகளில் தொழிலாளர் அஞ்சி, தேயிலைச் செடிகளுக்கிடையே உடலை மறைத்துக் கிடந்தனர். மறைந்திருப்பது வல்லமையன்று என்பதை அறிய அவர்களுக்குச் சித்திரக்கதை தேவைப்படவில்லை.

அவர்கள் மீண்டும் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும். எந்த மாயாவியும் அதனை வாங்கித் தரவில்லை. தொழிற்சங்கங்களின் பேரமும், வேலைநிறுத்தமும், பத்தாண்டு பத்தாண்டாக விண்ணப்பம் எழுதிச் சலியாத எண்ணற்ற பெயரறியாதோரின் பிடிவாதமும் சேர்ந்து பெற்ற உரிமை அது. இதனை வரைய ஒரு பிளாஸ்கோ நமக்குக் கிடைக்கவில்லை, நாமும் தேடவில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவலும் சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளும் தோட்டத்தைச் சொல்லின. அவை எழுத்தறிந்து பொறுமையோடு படிக்க வல்லவரைச் சென்றடைந்தன. பத்து வயதுப் பிள்ளையை நோக்கி, படமும் சொல்லுமாக, நாம் என்ன கொடுத்தோம்?

இறுதியாக இன்னொன்று. சிவகாசி என்ற பெயர் அச்சுக்கும் உரியது, தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் உரியது. அவ்வூர்த் தீப்பெட்டித் தொழிலிற் குழந்தைகள் உழைத்த கொடுமை இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996இல் தீர்ப்பாயிற்று. பிள்ளைகள் படித்து மகிழும் புத்தகங்களை உலகுக்கு அனுப்பிய ஊரிலேயே, படிக்கவேண்டிய வயதிற் பிள்ளைகளின் விரல்கள் மருந்தில் தோய்ந்துகொண்டிருந்தன. கடலின் இரு கரையிலும் கை மட்டுமே கணக்கிடப்பட்டது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் கூறுவது இதுதான். அலுமாரியிற் பூட்டிய புத்தகத்தை வெளியே எடுங்கள். வகுப்பிலே விரித்துவையுங்கள். இம்மனிதனின் உடல் எங்கே போயிற்று, கை மட்டும் ஏன் தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருடைய கை தெரிகிறது, யார் தெரியவில்லை என்றும் கேளுங்கள். விடையை அவர்களே படமாக வரையட்டும். பெரட்டையும் கொழுந்துக் கூடையையும் பால் வெட்டும் கத்தியையும் அம்மாவின் முகத்தையும் வரையட்டும். அவற்றைத் தொகுத்து அச்சேற்றும் பொறுப்பு நம்முடையது. மாயாவியை வெல்லவல்ல சித்திரக்கதை அங்கிருந்துதான் பிறக்கும்.